இறக்காத எடை

எடை பார்க்கும் நாளன்று அவர் இரண்டு டிபன் கேரியர்களோடு வருவார். ஒன்று அவருக்கு. இன்னொன்று, அன்று சாயங்காலம் அவரைக் குத்தப் போகிறவனுக்கு.

இதை நான் முதலில் பார்த்தது மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அரிசி மண்டியில். ஐம்பத்தஞ்சாம் வருஷம். அப்போது புதுச்சேரியில் பாக்ஸிங் என்றால் ஒரு கொட்டகை, நாலு மூலைக்கும் முளை, கயிறு, சுற்றிலும் பெஞ்சு. அவ்வளவுதான். வீரர்களை எடை போடத் தனி மெஷின் ஏது? மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் சாக்குத்தூசியைத் தட்டிவிட்டு ஏறி நிற்க வேண்டியதுதான். அன்றைக்கு எதிராளியாக வந்தவன் மெட்ராஸ்காரன், சின்ன வயசு. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. எடையை இறக்குவதற்காக இரண்டு நாளாகத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. தராசை விட்டு இறங்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டான்.

இவர் சட்டையை மாட்டியபடியே கேட்டார்.

"சாப்ட்டியா?"

"இல்லண்ணே."

"நேத்து?"

அவன் கண் கேரியர் பக்கம் போனது.

"குந்து."

கேரியரைத் திறந்ததும் மண்டி முழுக்க மீன் குழம்பு வாசனை. பையனோடு வந்த ஆள் பதறிப்போனார். "டேய், தொடாதே! எதுனா கலந்திருப்பான்!"

இவர் அந்தக் கேரியரிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். "நானே துன்றேன், பாத்துக்க. சாயந்திரம் வரைக்கும் செத்துட்டேன்னா ஆட்டம் உனக்கு."

பையன் சாப்பிட்டான். தலையே நிமிரவில்லை. சாயங்காலம் எட்டு ரவுண்டும் நின்று, பாயிண்டில் இவரைத் தோற்கடித்துவிட்டுப் போனான். பெஞ்சில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "மீன் கொழம்பு ஜெயிச்சிட்டுதுடோய்!" என்று ஒருவன் கத்தினான். "மிசியே, அடுத்த வாட்டி எனக்கொரு கேரியர் கொண்டா, நானும் வந்து அடிக்கிறேன்!" என்று இன்னொருவன். ஊரில் அவரை எல்லோரும் பிரெஞ்சு வழக்கில் 'மிசியே' என்றுதான் கூப்பிடுவார்கள், ஐயா என்கிற மாதிரி. அவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் போய்க் கேட்டே விட்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், ஜெயிக்கிற ஆட்டத்தை?

"காலையில அவன் கை நடுங்கிச்சுடா, பாத்தியா? நடுங்குற கையை எப்புட்றா குத்துறது?"

எனக்கு அப்போது இருபது வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கடைசிவரை படித்துத் தேறியிருந்தேன். தேறிய நேரம் பார்த்துப் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிவிட்டான். ஆபீசுகளில் எல்லாம் இங்கிலீஷ் என்று பேச்சு. என் பிரெஞ்சைச் சீந்துவாரில்லை. இங்கிலீஷைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு முதலில் வந்த இங்கிலீஷ் எல்லாம் தாடை, விலா, நாக் அவுட் சம்பந்தப்பட்டது. அன்றிரவே முடிவு செய்துவிட்டேன், இவருக்கு ஒரு காரியதரிசி தேவை, அது நான்தான் என்று. அவரை யாரும் கேட்கவில்லை. மறுநாள் நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாங்க, யாரோ கணக்கெடுக்க வந்திருக்காரு." அவர் எட்டிப் பார்த்து, "நம்ம செக்ரெத்தேர்" என்றார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

ஆள் குள்ளம். தடித்த கழுத்து, அப்பிக்கொண்ட சின்னக் காதுகள். சைக்கிளில் போனால் சைக்கிள்தான் பெரிதாகத் தெரியும். சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும்: அவசரமே இருக்காது. ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, ஒரு கணம் விரலில் வைத்திருந்து, பிறகு வாயில் போடுவார். தட்டு ஓரத்தில் ஒட்டிய பருக்கையை விரல் நுனியால் ஒற்றி எடுப்பார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மண்டிக்குப் போவோம். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, சாவி, ஜெபமாலை, சில்லறை எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறுவார். எடையைத் தானே பார்க்க மாட்டார். சுவரைப் பார்த்து நிற்பார். நான் தராசுத் தண்டின் குண்டை நகர்த்தி, நிறுத்தி, சத்தமாகச் சொல்வேன். அந்த எண்ணை அவர் வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிக்கொள்வார். அம்பத்தேழு. அம்பத்தேழு.

"நாப்பத்தோரு கிலோ" என்பார் சில சமயம், யாரும் கேட்காமலே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, போய், இந்தோசீனாவில் பிடிபட்டு, பதினோரு மாதம் கைதிகள் காம்பில் கிடந்து, கப்பலில் வந்து இறங்கியபோது இருந்த எடை அது. காம்பைப் பற்றி அவரிடம் கேட்டு வாங்கிய விஷயம் இதற்கு மேல் அதிகமில்லை. ஒரு நாளைக்கு ஒரு உருண்டைச் சோறு. மழை பெய்தால் அதுவும் கரைந்துபோகும். குத்துச்சண்டை பட்டாளத்தில் பழகியது. ஊருக்குத் திரும்பியதும் ஏன் மறுபடி கையுறை மாட்டினீர்கள் என்று கேட்டேன். "உடம்பு நெசமாவே திரும்பி வந்துடுச்சான்னு பாக்கணும் இல்ல? சும்மா கண்ணாடியில பாத்தா நம்பிக்கை வரல. எவனாச்சும் ஒருத்தன் குத்திப் பாத்தாத்தான் தெரியுது."

அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஏறின எடையை இறக்க மாட்டார். மற்ற வீரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் பட்டினி கிடந்து, கம்பளி போர்த்தி ஓடி, ஒரு படி கீழே இறங்கித் தங்களைவிடச் சின்ன ஆளோடு மோதுவார்கள். அதுதான் தொழிலின் சூட்சுமமே. இவர் மேலே மட்டும்தான் போவார். கூடினால் கூடட்டும், அடுத்த எடை வகுப்பு.

முதல் வகுப்பு மாறினது என்னால்.

மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கடிதம் வந்தது. பெதர் வெயிட், நூற்று இருபத்தாறு பவுண்டு. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பழைய ஆட்கள் அரைக் கிலோவை ஒரு 'லீவ்ர்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். இங்கிலீஷ்காரன் பவுண்டும் அதே அரைக் கிலோதான் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். இரண்டால் வகுத்தேன். அறுபத்துமூன்று கிலோ. "அண்ணே, ஆறு கிலோ இடம் இருக்கு! தாராளமா சாப்புடுங்க!"

சாப்பிட்டார். ஒரு மாதம், அந்த வீட்டில் கல்யாணம் நடந்த மாதிரி. அண்ணி முட்டையாக வாங்கிக் குவித்தார். மெட்ராஸ் போய்த் தராசில் ஏறினால் எட்டுப் பவுண்டு அதிகம். பவுண்டு அரைக் கிலோவைவிடக் குறைச்சல் என்பது எனக்கு அந்தத் தராசின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. பந்தயம் நடத்துகிறவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பாண்டிச்சேரி பரிச்சையில பாஸாம் இவுரு! ஏம்ப்பா, கம்பளியைப் போத்தி மணல்ல ஓட வுடு அந்தாளை. சாயந்திரத்துக்குள்ள இறங்கிடும்."

அண்ணன் அதற்குள் உட்கார்ந்து கேரியரைத் திறந்திருந்தார். "இருக்கிற எடைக்கு ஆள் இருந்தா கூப்புடுங்க. இல்லாங்காட்டி பஸ் ஏறிடறோம்."

அடுத்த மேல் வகுப்பான லைட் வெயிட்டில் ஒருவனைப் பிடித்து வந்தார்கள். இவரைவிட ஒரு தலை உயரம். முகம் எட்டவில்லை, அதனால் விலாவையே குத்தினார். தச்சன் ஒரே இடத்தில் ஆணி அடிப்பதுபோல் ஒரே விலா. நாலாவது ரவுண்டில் அவன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் நான் தலை தூக்கவே இல்லை. திண்டிவனம் தாண்டியதும் முழங்கையால் என்னை இடித்தார். "டேய் செக்ரெத்தேர், இன்னொரு வாட்டி தப்பாக் கணக்குப் போடேன். ஒரு மாசம் ஜோரா சாப்ட்டேன்."

அப்புறம் ஐம்பத்தெட்டாம் வருஷம் வெல்டர். அறுபதில் மிடில். எழுபத்திரண்டு கிலோ. நெல்லித்தோப்பு டீக்கடையில் அவரைக் கண்டாலே கிண்டல் ஆரம்பித்துவிடும். "இன்னா மிசியே, அடுத்தது யானையா?" அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "எடை போட்டுட்டு வந்து சொல்லுங்கப்பா, யோசிக்கிறேன்" என்பார். நான் அவர் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, ஒவ்வொரு ஆட்டத்தையும், ஒவ்வொரு கிலோவையும் சிவப்பு மையில் குறித்துவந்தேன். கோடு மேலே மேலே போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் ஏறிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

ஆனால் எடை கூடினதே தவிர, உயரம் கூடவில்லை. மிடில் வெயிட்டில் வந்த ஆட்கள் மேலேயிருந்து குத்தினார்கள். ஒரு நாள் காலை அண்ணி கொடுத்த காப்பியை அவர் ஆற்றியபோது, டம்ளருக்குப் பக்கத்தில், தரையில் ஊற்றினார். அண்ணியும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "இடது கண் தேறாது போலிருக்கு. இந்த மாதிரி தடியன்களோட இன்னும் ரெண்டு ஆட்டம் ஆடினா சுத்தமாப் போயிடும்." ஆடவே கூடாது என்றுதான் அவர் சொன்னார். எந்தப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். நான் பிடித்துக்கொண்டது 'தடியன்களோட' என்ற ஒரு சொல்லை. அப்படியென்றால் தன் உயரத்து ஆளோடு ஆடலாம், இல்லையா?

அதே வாரம் மெட்ராஸிலிருந்து கடிதம். மிடிலுக்கு ஒரு படி கீழே, வெல்டர் வெயிட்டில் சாம்பியன் பெல்ட்டுக்கான ஆட்டம், ஆறு வாரத்தில். எதிராளி இவர் உயரம்தான். ஐந்தரைக் கிலோ இறக்கினால் போதும். அவருக்குக் கண்ணும் பிழைக்கும், பெல்ட்டும் கிடைக்கும்!

அண்ணியிடம் ஓடினேன். அவர் தையலை நிறுத்தவில்லை.

"நேராவே கேட்டுடப் போறேன் தம்பி. எல்லாத்தையும் வுட்டுடுங்கன்னு."

"கேட்டா மாட்டேம்பாரு அண்ணி. அவரைத் தெரியாதா? வீம்புக்கு இன்னும் பெரிய ஆளாத் தேடுவாரு. சொல்லாமலே எடையை இறக்கிடலாம். நீங்க தட்டுல கொறைங்க. தராசை நான் பாத்துக்கறேன்."

மெஷின் நின்றது. "அவருக்குப் போயி சோத்தைக் கொறைக்கிறதா?"

"கண்ணுக்காக அண்ணி."

அண்ணி மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அவரிடம் ஆட்டம் மிடில் வெயிட்டில்தான் என்று சொன்னேன். வீட்டில் முதலில் எண்ணெய் குறைந்தது. பிறகு முட்டை. சோற்றை அமுக்கி வைக்காமல், கரண்டியால் உதிர்த்து, தட்டு நிறைந்த மாதிரி பரப்பி வைத்தார் அண்ணி. குழம்பில் மீன் துண்டு சின்னதானது. அவர் எப்போதும்போல நிதானமாகச் சாப்பிட்டு, ஓரத்துப் பருக்கையை ஒற்றி எடுத்துவிட்டு எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை தராசில் சுவரைப் பார்த்து நின்றார். குண்டு எழுபதில் நின்றது. "எழுபத்திரெண்டு" என்றேன். "எழுபத்திரெண்டு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். நாலாவது ஞாயிறு குண்டு அறுபத்தெட்டில் நின்றபோதும் அதையேதான் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மெட்ராஸ் தராசில் அவர் ஏறி, வெல்டருக்குள் இருப்பதைப் பார்த்து எப்படி ஆச்சரியப்படுவார் என்று யோசித்து யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

அவர் பேச்சு குறைந்தது. டீக்கடைக்காரர்கள் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினார். பயிற்சியின்போது கயிறு தாண்டிவிட்டு, முன்பெல்லாம் என்னை வம்புக்கு இழுப்பவர், இப்போது போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் நெருங்குகிறது, அதனால் இருக்கும் என்று நினைத்தேன்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் அவர் ஓடப் போயிருந்தார். கையுறையின் தையல் ஒரு பக்கம் விட்டிருந்ததால் அதை அண்ணியிடம் கொடுத்துத் தைக்கலாம் என்று எடுத்தேன். உள்ளே கை போகவில்லை. ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. உதறினேன். காய்ந்த ரொட்டித் துண்டுகள். பத்திரிகைத் தாளில் சின்னச் சின்னதாக மடித்து வைத்திருந்தது. இன்னொரு கையுறையிலும். பிறகு எனக்கு என்னவோ தோன்றி, பூட்ஸைக் கவிழ்த்தேன். தகரப் பெட்டியைத் திறந்தேன். பட்டாளத்துக் காகிதங்களுக்கு நடுவே, வரிசையாக, ஒரே அளவில்.

அண்ணி வந்து பார்த்தார். "ரொட்டித் தூளு கெடந்தப்போ எலி எங்கேருந்தோ இழுத்தாருதுன்னு நெனச்சேன்" என்றார். அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். காலையில் அவருக்குக் கொடுக்கிற ரொட்டி அது. நாங்கள் கொடுத்த குறைச்சலிலிருந்தும் அவர் எடுத்து ஒளித்து வைத்திருந்தார்.

அவர் வியர்வையோடு உள்ளே வந்தார். பாயின் மேல் பரப்பிக் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். சட்டென்று குனிந்து அவற்றைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார். முகம் கூச்சத்தில் சிவந்துவிட்டது. "இது... சும்மா. கெடக்கட்டும்னு வச்சேன்."

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?" என்றார் அண்ணி.

"மொத நாளே. கொழம்புல எண்ணெ மெதக்கல."

"தராசுல நான் எழுபத்திரெண்டுன்னு சொன்னது?" என்றேன்.

"இடுப்பு பெல்ட்டு ரெண்டு ஓட்டை உள்ளே போயிருக்கு, நீ எழுபத்திரெண்டுன்றே. சரி, செக்ரெத்தேர் கணக்கு எப்பவும் இப்படித்தானேன்னு வந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"கேக்க வேண்டியதுதானே!" அண்ணி கத்தினார். "தட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானே!"

அவர் ரொட்டித் துண்டுகளை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"காம்புல கேட்டவனுக்கு மறுநாள் இன்னும் கொறைச்சானுங்க. கேக்காம இருந்து பழகிடுச்சு. நீ அப்படி செய்ய மாட்டேன்னு எனக்குத் தெரியும். வயித்துக்குத் தெரியலியே."

அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனார். அரிசி களையும் சத்தம் கேட்டது. ஒன்பது மணிக்கு, எந்தச் சாப்பாட்டு வேளையும் இல்லாத நேரத்தில், பெரிய குண்டானில் உலை வைத்தார். பிறகு ஈரக் கையோடு திரும்பி வந்து அவர் முன்னால் நின்றார்.

"எனக்கு உங்க கண்ணு வேணும். பெல்ட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தச் சண்டையை வுட்டுடுங்க."

"சரி."

"சரின்னா?"

"வுட்டுடறேன்."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை.

"இன்னா பாக்கறே? உடம்பு திரும்பி வந்துடுச்சான்னு பாக்கத்தானே போனேன். அது வந்து அஞ்சு வருசமாச்சு. இவன் செவுத்துல கோடு போட்டுக்கிட்டே இருந்தான், நீயும் ஊருக்கெல்லாம் பெருமையா சொன்னே, சரி உங்களுக்குத்தான் ஆசைன்னு ஆடிக்கிட்டு இருந்தேன்." துண்டுகளைப் பெட்டி மேல் வைத்தார். "இதுக்கா ஆறு வாரம் பட்டினி போட்டே? மொத நாளே கேட்டிருந்தா மொத நாளே சரின்னிருப்பேனே."

அண்ணி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு ஒரு அடி வாங்கியிருக்கலாம்.

"நீயாச்சும் கேட்டிருக்கலாமேடா, செக்ரெத்தேர்" என்றார் அவர். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

நான் தந்தி ஆபீசுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆட்டம் ரத்து என்று தந்திப் பாரத்தில் எழுதுவதற்கு இங்கிலீஷில் இரண்டு வரி போதும். வழி முழுக்க அதை மனதில் எழுதி எழுதி அடித்தேன். அதற்குப் பிறகு, போன வருஷம், அண்ணனும் அண்ணியும் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்கள். அதுவரை அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை, நானும் பதில் சொல்லவில்லை. கேட்டால் மாட்டேன் என்பார் என்று அண்ணியிடம் சொன்னேனே, அதை நான் ஒரு நாளும் நம்பவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார் என்பதுதான் என் பயமாக இருந்தது.